திருப்புவனம் ரோட்டுச் சத்திரம் மங்கம்மாள் கட்டியதுதானா?

திருப்புவனத்துக்கும் மானாமதுரைக்கும் நடுவில், பழைய ராமேஸ்வரம் ரோட்டை ஒட்டி உங்கள் ஊரில் ஒரு பாழடைந்த சத்திரம் இருக்கிறது. ராணி மங்கம்மாள் கட்டியது என்று தாத்தா காலத்திலிருந்தே சொல்கிறார்கள். அது உண்மையா, எத்தனை வருஷத்துக் கட்டடம், ஒரு ராணி கட்டியது இவ்வளவு சின்னதாகவா இருக்கும் என்று கேட்டு நான்கு படங்களும் போட்டிருக்கிறீர்கள். கடைசி வரியில்தான் விஷயமே வருகிறது: அதை இடித்துவிட்டு சமுதாயக்கூடம் கட்டப் பஞ்சாயத்தில் பேச்சு நடக்கிறதாம். ஆக, மங்கம்மாள் பேர் நிரூபணமானால் கட்டடம் பிழைக்குமா, ஆகாவிட்டால் அதற்கு மதிப்பே இல்லையா என்பதுதான் உங்கள் கவலை என்று எடுத்துக்கொள்கிறேன். நான் சுண்ணாம்புக் கட்டடங்களைப் பழுதுபார்க்கும் இன்ஜினியர். மதுரை, சிவகங்கைப் பக்கத்தில் இந்த மாதிரி சத்திரம், சாவடி, மண்டபங்களுக்குள் நிறைய நாள் கழித்திருக்கிறேன். கட்டடத்தைப் பற்றி தைரியமாகப் பேசுவேன். கல்வெட்டு வாசிப்பு என் தொழில் இல்லை. அதற்கு ஆள் வேறு.

முதலில் மங்கம்மாள். சொக்கநாத நாயக்கரின் மனைவி. பேரன் விஜயரங்க சொக்கநாதருக்காக சுமார் 1689 முதல் 1706 வரை ஆட்சியை நடத்தியவர். சாலை போட்டதிலும் சத்திரம் கட்டியதிலும் அவருக்கு இருக்கும் பேர் சும்மா வந்ததில்லை. மதுரை ஜங்ஷனுக்கு எதிரே இருக்கும் மங்கம்மாள் சத்திரம் இன்றைக்கும் ஊருக்கே அடையாளம். ஆனால் இப்படி ஒரு பேர் வந்துவிட்டால், சுற்றுவட்டாரத்தில் யார் கட்டினது என்று மறந்துபோன சத்திரமெல்லாம் அவர் கணக்கில் சேர்ந்துவிடும். தூண் வைத்த மண்டபத்தையெல்லாம் திருமலை நாயக்கர் தலையில் கட்டுவது இல்லையா, அதே கதைதான்.

உங்கள் ஊர் விஷயத்தில் எனக்கு இன்னொரு சந்தேகமும் உண்டு. மைசூர்ப் படையை விரட்ட உதவியதற்காகத் திருமலை நாயக்கர் திருப்புவனத்தை ராமநாதபுரத்து அரசரான சேதுபதிக்குக் கொடுத்தார் என்று வரலாறு எழுதியவர்கள் சொல்கிறார்கள். திருமலை நாயக்கர் இறந்தது 1659இல். அப்படியானால் மங்கம்மாள் காலத்தில் அந்தப் பகுதி கிழவன் சேதுபதி கையில் இருந்திருக்க வேண்டும். அவருக்கும் மங்கம்மாளுக்கும் நல்லுறவு கிடையாது. 1702இல் மதுரைப் படை அவர்மேல் போனது, மதுரையின் தளவாய் (படைத்தலைவர்) நரசப்பையா அந்தப் போரில் இறந்தார். அதன் பிறகு 1730 வாக்கில் சிவகங்கைச் சீமை தனியாகப் பிரிந்தது, உங்கள் ஊர் அதற்குள் வந்தது. எதிரி நாட்டுக்குள் போய் ஒருவர் சத்திரம் கட்டவே மாட்டார் என்று நான் அடித்துச் சொல்லவில்லை. தர்ம காரியங்கள் எல்லை பார்க்காமலும் நடந்திருக்கின்றன. ஆனால் யாரையாவது முதலில் நினைக்க வேண்டும் என்றால் சேதுபதிகள், சிவகங்கை அரசர்கள், அப்புறம் ஒரு பணக்கார வியாபாரி என்ற வரிசையில்தான் நான் நினைப்பேன். ராமேஸ்வரம் போகும் வழியில் சத்திரங்களையும் மடங்களையும் வைத்துக் காப்பாற்றியது பெரும்பாலும் சேதுபதி குடும்பம்தான். பரமக்குடி தாண்டி சத்திரக்குடி, பாம்பன் தீவில் தங்கச்சிமடம், அக்காள்மடம் என்று ஊர்ப் பேர்களே அந்த வழியைக் காட்டுகின்றன.

இனி கட்டடம். உங்கள் முதல் படத்தில் தெரியும் முன்பகுதி முழுக்கக் கல்: நான்கு தூண், மேலே கல் உத்தரம், அதன்மேல் பாவிய பலகைக்கல். இரண்டாவது படத்தில் உள்ளே செங்கல் சுவர், நடுவில் முற்றம். மூன்றாவதில் சமையல்கட்டு, மேலே ஓட்டுக்கூரை. இவற்றை ஒரே கட்டடமாகப் பார்க்காதீர்கள். முன்பகுதி ஒரு காலம், பின்பகுதி வேறு காலம் என்றுதான் எனக்குப் படுகிறது. கல் உத்தரம் செங்கல் சுவரில் போய் உட்காரும் இடத்தைப் பாருங்கள். உத்தரத்தின் முனை சுவருக்குள் கோத்துப் போகாமல், சுவர் அதை ஒட்டி எழும்பியிருக்கிறது. சேர்த்துக் கட்டியிருந்தால் கொத்தனார் அப்படி விடமாட்டார்.

தூணை வைத்து வயசு சொல்வது ஓரளவுக்குத்தான் சரிவரும். சதுரம், எட்டுப்பட்டை, மறுபடி சதுரம் என்று மாறி மாறி வரும் தூண் நாயக்கர் காலத்தில் ஏராளம். சதுரத்தின் மூலைகளில் நாகபந்தம் (பாம்புப் படம் மாதிரி வேலைப்பாடு) செதுக்கியிருந்தால், மேலே போதிகை, அதாவது தூணின் தலையில் உத்தரத்தைத் தாங்கும் கல், வாழைப்பூ மாதிரி தொங்கினால், நாயக்கர் காலத்துப் பாணி என்று தயங்காமல் சொல்லலாம். உங்கள் தூண்களில் இரண்டுமே இல்லை. வெறும் சதுரமும் பட்டையும், மொட்டையான போதிகையும்தான். எளிய தூணை எந்தக் காலத்திலும் செய்யலாம். செலவு குறைவு என்பதற்காக நாயக்கர் காலத்திலும் செய்தார்கள். பழக்கம் விடாததால் நூறு, நூற்றைம்பது வருஷம் கழித்தும் அதையே செய்தார்கள். அதனால் தூணைக் காட்டி 17ஆம் நூற்றாண்டு என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். இடிந்த கோயில் கல்லை எடுத்துவந்து சத்திரத்தில் வைப்பதும் சகஜம். அந்தக் கல்லில் பாண்டியர் கல்வெட்டே இருந்தாலும் அது கல்லின் வயசு, கட்டடத்தின் வயசு ஆகாது.

பின்பகுதியைப் பற்றி இன்னும் தெளிவாகப் பேசலாம். சமையல்கட்டின்மேல் இருப்பது தட்டையான மங்களூர் ஓடு. பாசல் மிஷன் என்ற கிறிஸ்தவ மிஷன்காரர்கள் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியது 1865இல். எனவே அந்த ஓடு அதற்கு முன்னால் வந்திருக்க முடியாது. ஓட்டைப் புரட்டிப் பார்த்தால் அடிப்பக்கத்தில் கம்பெனி பேர் அச்சாகியிருக்கும். ஒன்றைப் படம் எடுத்து வையுங்கள். ஆனால் கூரை மாற்றுவது எல்லாக் காலத்திலும் நடப்பது. கீழே இருக்கும் சுவர் அதைவிட மூத்ததாக இருக்கலாம், அதன்மேல் முன்பு நாட்டு ஓடோ கீற்றோ இருந்திருக்கலாம்.

முற்றத்தைச் சுற்றியுள்ள மேல்தளம்தான் எனக்குப் பிடித்த பகுதி. மரக்கட்டைகளை ஒன்றரை அடிக்கு ஒன்றாகப் பரப்பி, அதன்மேல் தட்டையான சின்னச் செங்கல்லைச் செங்குத்தாக, மூலைவாட்டில் சாய்த்து, சுண்ணாம்பு வைத்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டே போவார்கள். அது காய்ந்ததும் மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள்கணக்கில் தட்டுவார்கள். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரை நடுநடுவே தெளிப்பார்கள். கட்டை பட்ட இடத்தில் பள்ளம் விழாமல் திரும்பி எழும்பும் வரைக்கும் தட்டு நிற்காது. எங்கள் ஆட்கள் மெட்ராஸ் டெரஸ் என்கிறார்கள், ஊரில் காரைக் கட்டடம் என்பார்கள். கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் செங்கல்லின் சாய்ந்த வரிசை தெரியும். உங்கள் நான்காவது படத்தில், காரை பெயர்ந்த இடத்தில் அது தெரிகிறது. இந்த முறை இங்கே பரவலாக இருந்தது 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை. என் ஊகத்தில் உங்கள் பின்பகுதி 19ஆம் நூற்றாண்டு. கட்டைக்குப் பதில் எங்காவது இரும்பு உத்தரமோ பழைய தண்டவாளமோ வைத்திருந்தால், அந்தத் துண்டு ரயில் வந்ததற்குப் பிறகு செய்தது. மதுரைக்கு ரயில் வந்தது 1875இல்.

இவ்வளவு சின்னதா என்று கேட்டீர்கள். கல்மண்டபத்தின் அகலத்தைத் தீர்மானிப்பது ராஜாவும் இல்லை, ராணியும் இல்லை, கல்தான். பலகைக்கல் நடுவில் தாங்கல் இல்லாமல் எட்டு, பத்து அடிதான் போகும். அதற்குமேல் நீட்டினால் தன் கனத்திலேயே அடிப்பக்கம் விரிந்துவிடும். பெரிய கூடம் வேண்டுமானால் தூண்களைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். வழிப்போக்கனுக்கு அது தேவையும் இல்லை. மூட்டை முடிச்சோடு, பெண்களும் குழந்தைகளுமாக நடக்கிற கூட்டம் ஒரு நாளில் பத்து, பன்னிரண்டு மைல் போனால் அதிகம். மதுரையிலிருந்து ராமேஸ்வரம் நூறு மைலுக்குமேல். ஆகவே பத்து நாள் நடை, பத்து ராத்திரித் தங்கல். ஒரு பெரிய சத்திரத்தால் அந்த வழிக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. சின்னச் சின்னதாகப் பல வேண்டும்.

அந்தச் சின்ன இடத்துக்குள் எவ்வளவு யோசித்திருக்கிறார்கள் என்று பாருங்கள். வாசல் திண்ணையின் ஒரு முனை மட்டும் சரிவாக உயர்ந்திருக்கிறதே, அது கட்டியவன் கோணலாகக் கட்டியதில்லை, படுப்பவனுக்குத் தலையணை. தூணுக்குத் தூண் விளக்கு வைக்க மாடக்குழி. முற்றம் வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் மட்டுமில்லாமல் மழைத் தண்ணீரை ஒரே தூம்பு வழியாக வெளியே விடவும்தான். சமையல்கட்டு தென்கிழக்கில், அக்கினி மூலையில். அங்கே தரையில் பதித்த உரலும், சுவரோரம் ஒரு கல்தொட்டியும் இருக்கும். சோறு வடித்த கஞ்சி அந்தத் தொட்டியில் விழுந்து, ஓட்டை வழியாக வெளியே போகும். வெளியே அது விழும் இடத்தில் மாட்டுக்கு இன்னொரு தொட்டி இருந்தாலும் இருக்கும், மண்ணை விலக்கிப் பாருங்கள். முன் மண்டபத் தரையில் ஆடுபுலிக் கட்டம் கீறியிருப்பது உங்கள் முதல் படத்தின் ஓரத்தில் தெரிகிறது. வெயில் தாழட்டும் என்று காத்திருந்த யாரோ கீறியது. இப்படிக் கட்டம் கீறாத பழைய மண்டபத்தை மதுரைப் பக்கம் நான் அதிகம் பார்த்ததில்லை. பக்கத்தில் கிணறோ ஊருணியோ, ஒரு புளியமரமோ ஆலமரமோ, தோள் உயரத்துக்கு ஒரு சுமைதாங்கிக் கல்லோ இருக்கிறதா என்றும் பாருங்கள். சுமைதாங்கி பெரும்பாலும் பிள்ளைத்தாய்ச்சியாக இறந்துபோன பெண்ணின் நினைவாக வைப்பது. சத்திரம் கட்டியவர் வேறு, அதை வைத்தவர் வேறு.

ஒன்றை மறைத்து எழுதினால் பாதிக் கதைதான் ஆகும். சத்திரம் எல்லாருக்கும் ஒரே மாதிரி திறந்திருக்கவில்லை. பல இடங்களில் உள்கட்டும் சமைத்த சாப்பாடும் பிராமணர்களுக்கு. மற்றவர்களுக்கு அரிசி, பருப்பு, விறகு கொடுத்து, நீங்களே சமைத்துக்கொள்ளுங்கள் என்பார்கள். சிலருக்குத் திண்ணையோடு சரி, சிலருக்கு மரத்தடியோடு சரி. உங்கள் கட்டடத்தில் பக்கவாட்டில் ஒரு குறுகிய வாசலும் அதையொட்டி இரண்டாவது அடுப்படியும் இருந்தால், அது இந்தப் பிரிவினைக்காக இருக்கலாம். எல்லா ஊரிலும் இப்படித்தான் என்று சொல்லிவிடவும் முடியாது. தஞ்சையில் சரபோஜி மன்னர் 1801இல் ஆங்கிலேய அதிகாரிக்கு எழுதிய கடிதத்தில், தன் சத்திரங்களில் பிராமணர் முதல் பறையர் வரை எல்லா வழிப்போக்கருக்கும் சோறு உண்டு, சமைத்ததை விரும்பாதவர்களுக்கு அரிசியாகக் கிடைக்கும், நடுராத்திரியில் மணி அடித்து, இன்னும் சாப்பிடாதவர்களைக் கூப்பிடுவார்கள் என்று சொல்லியிருக்கிறார். அது ராஜா தன் சத்திரத்தைப் பற்றித் தானே சொன்னது என்பதையும் மனதில் வைத்துப் படிக்க வேண்டும்.

நான் உங்களுக்கு முக்கியமாகச் சொல்ல நினைப்பது இனிதான். கல்லையும் காரையையும் விட, சத்திரத்தின் உயிர் அதற்கு எழுதிவைத்த நிலத்தில் இருந்தது. கட்டுவது ஒரு தடவைச் செலவு; தினம் அடுப்பு எரிய நெல் வேண்டும். அதற்காக ஒரு கிராமத்தையோ கொஞ்சம் நிலத்தையோ இனாமாக (மானியமாக) விட்டு, சந்திராதித்தர், அதாவது சந்திரனும் சூரியனும், உள்ளவரைக்கும் நடக்கட்டும் என்று செப்பேட்டிலோ கல்லிலோ எழுதினார்கள். கடைசியில் வழக்கமாக ஒரு சாபமும் வரும்: இந்தத் தர்மத்துக்கு அகிதம் (கெடுதல்) பண்ணினவன் கங்கைக் கரையிலே காராம்பசுவைக் கொன்ற தோஷத்திலே போவான். சாபம் எவ்வளவு தூரம் காப்பாற்றியது என்பதை நீங்களே நேரில் பார்க்கிறீர்கள். 1817இல் வந்த சென்னை மாகாணச் சட்டம் சத்திரம், பாலம், கோயில் மானியங்களை ரெவின்யூ போர்டின் கண்காணிப்பில் வைத்தது. 1858க்குப் பிறகு இனாம் கமிஷன் ஒவ்வொரு இனாமையும் விசாரித்துப் பதிவேட்டில் ஏற்றியது. தர்மம் நடக்கும்வரை இனாம் நிற்கும் என்பது தர்ம இனாமின் நிபந்தனை. 1871க்குப் பிறகு பல சத்திரங்கள் உள்ளாட்சி நிதியின் கைக்கும், 1884க்குப் பிறகு தாலுகா, ஜில்லா போர்டுகளின் கைக்கும் போயின. சிவகங்கை ஜமீன் பகுதியில் பல தர்மங்கள் சமஸ்தானத்தின் பொறுப்பிலேயே இருந்தன. 1948இல் ஜமீன் ஒழிப்புச் சட்டம், 1963இல் சிறு இனாம் ஒழிப்புச் சட்டம் என்று வரிசையாக வந்த பிறகு நிலம் ஒரு பக்கம், கட்டடம் ஒரு பக்கம் என்று ஆகிவிட்டது.

ஆள் வருவது அதற்கு முன்பே நின்றிருக்கும். மதுரையிலிருந்து மண்டபம் வரை ரயில் ஓடத் தொடங்கியது 1902இல். பாம்பன் பாலம் 1914இல் திறந்தது. பத்து நாள் நடை ஒரு பகல் பயணமாகச் சுருங்கிய பிறகு உங்கள் ஊர்த் திண்ணையில் யார் வந்து படுப்பார்கள்? அந்த வழிச் சத்திரங்கள் பள்ளிக்கூடமாக, ரேஷன் கடையாக, சும்மா பூட்டிய கட்டடமாக மாறியதற்கு முதல் காரணம் ரயில்தான் என்பது என் அபிப்பிராயம்.

சரி, இப்போது நீங்கள் செய்ய வேண்டியது. மங்கம்மாள் பேரை வைத்துக்கொண்டு போராடாதீர்கள். ஒருவர் அது பொய் என்று காட்டிவிட்டால் உங்கள் கட்சி அன்றோடு விழும். தவிர, யார் கட்டினார் என்பதால் ஒரு கட்டடத்துக்குத் தானாகப் பாதுகாப்பு வந்துவிடாது. 1966ஆம் வருஷத்துத் தமிழ்நாடு சட்டப்படி அரசு அறிவிக்கை செய்து பாதுகாக்கப்பட்ட சின்னமாக ஆக்கினால்தான் உண்டு. அதற்கு மனு கொடுங்கள், ஆனால் அதை மட்டும் நம்பி உட்காராதீர்கள். முதலில் கிராம நிர்வாக அலுவலரிடம் போய் அந்த சர்வே எண்ணுக்கு அ-பதிவேட்டில் (கிராமத்து நில விவரப் பதிவேட்டில்) என்ன வகைப்பாடு போட்டிருக்கிறது என்று பாருங்கள். சத்திரம் புறம்போக்கா, நத்தமா, ஏதாவது அறக்கட்டளை பேரிலா, தேவஸ்தானம் பேரிலா? பஞ்சாயத்து இடிக்கப் போகிறது என்கிறீர்கள். அது பஞ்சாயத்துக்குச் சொந்தமா என்பதே இதுவரை யாருக்கும் தெரிந்த மாதிரி இல்லை. அப்புறம் பழைய செட்டில்மென்ட் பதிவேடு, இனாம் பதிவேடு இவற்றின் நகலுக்கு மாவட்ட ஆவண அறையிலும், சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்திலும் எழுதிக் கேளுங்கள். கட்டியவர் பேர் எங்காவது இருக்குமென்றால், தூணை விட இந்தக் காகிதத்தில் இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

வாசல் நிலைக்கு மேலே உள்ள கல்லில் வெள்ளைக்குக் கீழே எழுத்து மாதிரி ஏதோ தெரிகிறது. அதை உளியால் சுரண்டாதீர்கள், சாக்பீஸ் தேய்க்காதீர்கள், எண்ணெய் பூசாதீர்கள். காலையிலோ சாயங்காலமோ வெயில் பக்கவாட்டில் விழும்போது, அல்லது ராத்திரி டார்ச்சை ஓரத்திலிருந்து அடித்து, படம் எடுங்கள். வருஷம் தெரிந்தால் அதை ஆங்கில வருஷமாக்கும் கணக்கு எளிது: சகாப்தம் என்றால் 78 கூட்டுங்கள், கொல்லம் என்றால் 825 கூட்டுங்கள், கலி என்றால் 3101 கழியுங்கள். எல்லாமே ஒரு வருஷம் முன்பின் போகலாம். வெறும் பிரமாதி, விக்ருதி என்று மட்டும் இருந்தால் அது அறுபது வருஷத்துக்கு ஒருமுறை வரும் பேர், தனியாக வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. எண்கள் தமிழ் எண்களாகவும், எழுத்துக்குப் புள்ளி இல்லாமலும் இருந்தால் குழம்பாதீர்கள். கல்வெட்டு படிப்பவர்களிடம் காட்டினால் மைப்படி (காகிதத்தை ஒற்றி மையால் எடுக்கும் நகல்) எடுத்துப் படித்துச் சொல்வார்கள்.

சமுதாயக்கூடம் ஊருக்கு வேண்டியதுதான், அதை எதிர்க்காதீர்கள். படத்தில் பின்புறம் நிறைய காலி இடம் தெரிகிறது. அங்கே கட்டட்டும், இந்த முன்மண்டபமும் முற்றமும் பந்தி முடிந்து உட்காரும் இடமாக இருக்கட்டும் என்று பேசிப் பாருங்கள். தூண்களும் உத்தரமும் சாய்ந்த மாதிரி தெரியவில்லை, முற்றத்துச் சுவரும் நேராக நிற்கிறது. ஆனால் படத்தைப் பார்த்து உறுதி கொடுக்க மாட்டேன், யாராவது தட்டிப் பார்க்க வேண்டும். அவசரம் ஒன்றே ஒன்றுதான்: மேல்தளத்தில் வடகிழக்கு மூலையில் முளைத்திருக்கும் அரசங்கன்று. பிடித்து இழுக்காதீர்கள், வேரோடு காரையும் வந்துவிடும். மழைக்கு முன்னால் தண்டை அடியோடு வெட்டி, வேரைக் கொல்லும் மருந்தை அந்த வெட்டில் தடவி, காய்ந்ததும் இடுக்கைச் சுண்ணாம்பு வைத்து அடையுங்கள். சிமென்ட் வேண்டாம், அது ஈரத்தை உள்ளேயே பூட்டிவைத்துப் பழைய செங்கல்லைப் பொடியாக்கும். ஓட்டின் அடிப்பக்கம், நிலைக்கல், அ-பதிவேட்டு வரி ஆகிய மூன்றின் படமும் கிடைத்தால் இங்கேயே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.